மலைமேல் தீபம், கையில் மோட்டார்

மலையோரம்:
எங்கள் வீடு திருவண்ணாமலையில், கிரிவலப் பாதையிலிருந்து இரண்டு தெரு தள்ளி. தீபத்தைப் பார்த்ததும் உடம்பு சிலிர்த்தது என்று வெளியூர்க்காரர்கள் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருக்கும். எனக்குத் தீபம் என்றால் வீடு நிறைய உறவுக்காரர்கள், பாத்ரூம் வாசலில் வரிசை. அவ்வளவுதான்.

அம்மாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்து மூன்று வருடம் ஆகிறது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். அதற்காக இடது கையில் ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா வைத்திருக்கிறார்கள். அதன்மேல் விரல் வைத்தால் விர்ரென்று ஓர் அதிர்வு தெரியும். ரத்தம் ஓடுகிறது என்று அர்த்தம். தினமும் தொட்டுப் பார்க்க வேண்டும். காலையில் எழுந்ததும் அம்மா கையை நீட்டி, "மோட்டார் ஓடுதாடி?" என்பாள். "ஓடுதும்மா" என்று நான் சொன்ன பிறகுதான் காபி. அதுவும் அரை டம்ளர். நாளெல்லாம் சேர்த்து ஒரு லிட்டரைத் தாண்டக் கூடாது.

போன ஐப்பசியில் ஒரு விடியற்காலை, மோட்டார் நின்றிருந்தது. என் விரலில்தான் கோளாறோ என்று வேறு விரலை வைத்தேன். காதை வைத்துக் கேட்டேன். ஒன்றுமில்லை. ரத்தம் கட்டிவிட்டால் நேரம் கடத்தக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். வாடகைக் காரில் வெளியூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். உண்மையைச் சொல்கிறேன், வழியெல்லாம் நான் வேண்டிக்கொள்ளவில்லை. அண்ணாமலையாரைத் திட்டிக்கொண்டே போனேன். ஜன்னலில் மலை தெரிந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அம்மா மட்டும் வலது கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் அடைப்பை எடுத்துவிட்டு அவளைக் கட்டிலில் விட்டார்கள். கட்டுக்கு மேலே பயந்து பயந்து விரலை வைத்தேன். விர்ர்ர். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நான் மயங்கிவிட்டேன் என்று நினைத்து நர்ஸ் ஓடி வந்தார்.

அடுத்த மாதம் தீபத்தன்று அம்மாவுக்கு மதிய ஷிப்ட். மெஷினிலிருந்து எடுத்து, சக்கர நாற்காலியிலேயே மொட்டை மாடிக்குக் கொண்டுபோனோம். ஆறு மணிக்குக் கோயிலில் அர்த்தநாரீஸ்வரர் வெளியே வந்து காட்சி கொடுக்கிற அந்தச் சில நிமிடத்தில், 2,668 அடி உச்சியில் கொப்பரை பற்றிக்கொள்ளும். எங்கள் ஊரில் அது தெரிந்த பிறகுதான் வாசலில் அகல் ஏற்றுவார்கள். மாடியில் நின்றதால் அதை அன்றுதான் முழுசாகப் பார்த்தேன். இருட்டாகக் கிடந்த தெருக்கள் ஒவ்வொன்றாக வெளிச்சமாகிக்கொண்டே வந்தன. எல்லோரும் அரோகரா என்று கையைத் தூக்கினார்கள். என் விரல் மட்டும் அம்மாவின் இடது கையில் இருந்தது.

கடற்கரைக்காரன்:
நான் நாகப்பட்டினம் பக்கம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, சுனாமி வந்த நாள். வேளாங்கண்ணியில் கோயிலுக்குள் தண்ணீர் வரவில்லை, மாதா காப்பாற்றினாள் என்று சொல்வார்கள். சொல்பவர்கள் மேல் கோபமில்லை. ஆனால் என் சித்தி அன்று கடற்கரையில் நின்றாள். அவளை யார் காப்பாற்றியிருக்க வேண்டும்? ஏழு வருடம் நான் எந்தக் கோயில் படியும் ஏறவில்லை.

வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 திருவிழா. அதற்காகக் காவி உடுத்திய ஜனங்கள் ராத்திரி பகலாக எங்கள் சாலையில் நடந்து போவார்கள். பக்தியால் இல்லை, வீட்டு வாசலிலேயே நடக்கிறார்களே என்று ஒரு வருடம் தண்ணீர்ப் பானை வைத்தேன். நடுராத்திரி ஒரு பாட்டி வந்தது. குதிகால் வெடித்து, துணி சுற்றியிருந்தது. இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, "யாருக்காகத் தம்பி வேண்டிக்கணும்? சொல்லு, சொல்லிடுறேன்" என்றது. கேட்டதும் தொண்டை அடைத்துக்கொண்டது. சித்தி பேரைச் சொன்னேன். பாட்டி அதை இரண்டு தடவை சொல்லிப் பார்த்து, மனப்பாடம் பண்ணிக்கொண்டு நடந்தது.

இப்போதும் பானை வைக்கிறேன். கோயிலுக்குள் போகிறேனா என்று கேட்காதீர்கள்.

மலையோரம்:
அண்ணா, இன்று டயாலிசிஸ் நாள். மெஷின் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதைப் படித்தேன். அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவள், "அந்தப் பொண்ணு பேரு என்னவாம்? கேட்டுச் சொல்லு" என்கிறாள்.