டின் ரெகுலேற்றர், யோக் வால்வு: கசிவுக்கு வழி சொல்லுங்கோ

அண்ணாமார், அக்காமார், ஒரு சின்ன உதவி வேணும். கல்கிசைப் பக்கம் டைவ் பண்ண வாடகைக்கு எடுத்த 11.1 லீற்றர் அலுமினியச் சிலிண்டர் நாலு இருக்கு. எங்கட ரெகுலேற்றர் (சிலிண்டர் காத்தை மூச்சுக்கு ஏத்த அழுத்தத்துக்குக் குறைக்கிற கருவி) இரண்டும் டின் (DIN), அதாவது வால்வுக்குள்ளயே மரை சுத்திப் பூட்டுற வகை.

இரண்டு சிலிண்டரில மாற்று வால்வு, டின்னுக்கும் யோக்குக்கும் (வால்வை வெளியால கவ்விப் பிடிக்கிற வகை) பொருந்தும். நடுவில இருக்கிற வட்டச் செருகியை ஆலன் கீயால கழற்றினால் டின் நேரே இறங்கும். ஒன்று கழன்றது, மற்றது உப்புப் பிடிச்சு அசையுதில்லை. வால்வை மூடி, உள்ளே அழுத்தம் இல்லாமல்தான் முயற்சி செய்தது. அறுகோணக் குழி தேஞ்சிடும் போல இருக்கு. வெந்நீர் போதுமா, வினாகிரியில ஊறவிடலாமா?

மற்ற இரண்டும் தனி யோக். அதுக்கு அடப்டர் போட்டால் ரெகுலேற்றர் பின்னுக்குத் தள்ளி நிண்டு தலையில இடிக்குது, அது பரவாயில்லை. கசிவுதான் பிரச்சினை. சவர்க்காரத் தண்ணி பூசிப் பார்த்தால் குமிழி வால்வுக்கும் அடப்டருக்கும் நடுவிலதான். டின் மரைப் பக்கம் சுத்தமா இருக்கு. 200 பாரில சீறுது, 100க்குக் கீழ நிண்டிடுது. வால்வு முகத்தில இருக்கிற 014 அளவு ஓ-ரிங் (கசிவை அடைக்கிற ரப்பர் வளையம்) புதுசு, ஆனால் ரப்பர் கடினம் 70தான் (ஷோர் A அளவில). அழுத்தத்தில அது இடுக்கால பிதுங்குது எண்டு சந்தேகம், கழற்றினால் ஒரு ஓரம் கடிபட்டிருக்கு.

90 கடினத்தில 014 கொழும்பில எங்க வாங்கலாம்? புறக்கோட்டையில கேட்டால் 70தான் நீட்டுறாங்கள். அடப்டர் முகத்தில கீறல் இருந்தாலும் இப்படித்தான் கடிக்குமோ?