லேமினேஷன் போட்ட ஈசிஜி கறுத்துவிட்டது, பழையதை மீட்க வழி உண்டா?

கேள்வி (மதுரையிலிருந்து)
அப்பாவுக்கு வயது 67. 2020-ல் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். ரிப்போர்ட் ஃபைலை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஈசிஜி தாள் மங்கிக்கொண்டே வந்ததால், பத்திரமாக இருக்கட்டும் என்று முந்தாநாள் ஜெராக்ஸ் கடையில் லேமினேஷனுக்குக் கொடுத்தேன். மெஷினின் அந்தப் பக்கம் வரும்போதே தாள் முழுக்கக் கறுப்பு. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது. புது டாக்டர் வெள்ளிக்கிழமை பழைய ஈசிஜியும் ஆஞ்சியோ சிடியும் கேட்டிருக்கிறார். சிடியைப் போட்டால் பெயர் புரியாத ஃபைல்கள்தான் இருக்கின்றன, படம் வரவில்லை. என்ன செய்வது?

பதில் (ஈசிஜி டெக்னீஷியன்)
தங்கச்சி, கறுத்த தாளை மீட்க முடியாது. அது தெர்மல் பேப்பர். அதில் மையே கிடையாது, சூடு பட்ட இடம் கறுக்கும், அதுதான் கோடு. லேமினேஷன் சூட்டில் தாள் முழுவதும் கறுத்துவிட்டது. மிச்சமிருக்கும் தாள்களைப் பிளாஸ்டிக் கவரிலிருந்து இன்றே எடுத்துவிடுங்கள். செலோடேப்பும் ஒட்டாதீர்கள், இரண்டுமே எழுத்தை அழிக்கும். சாதாரண ஜெராக்ஸ் எடுத்தால் போதும், அது மங்காது.

போனில் படம் எடுப்பதானால் ஜன்னல் ஓரம், ஃபிளாஷ் இல்லாமல், நேர் மேலிருந்து எடுங்கள். அந்தச் சின்னக் கட்டம் ஒவ்வொன்றும் 1 மி.மீ. நாங்கள் கட்டத்தை எண்ணித்தான் அளக்கிறோம், சாய்த்து எடுத்தால் கணக்குத் தப்பும். பெயரும் தேதியும் படத்தில் விழ வேண்டும்.

ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.டி. என்ற மருத்துவப் பதிவேட்டுப் பிரிவு இருக்கும். டிஸ்சார்ஜ் சம்மரியில் உள்ள ஐ.பி. (உள்நோயாளி) நம்பரோடு எழுதிக் கொடுத்து நகல் கேளுங்கள். 2002-ம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதிப்படி, உள்நோயாளி பதிவுகளை 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். உங்களுடையது கெடு தாண்டியதுதான். ஆனாலும் பல இடங்களில் வைத்திருப்பார்கள், கேட்காமல் விடாதீர்கள்.

பதில் 2
சிடியில் இருப்பது டைகாம் ஃபைல், அதாவது ஸ்கேன் போன்ற மருத்துவப் படங்களுக்கான தனி வகை ஃபைல். போட்டோ பார்க்கும் செயலியில் திறக்காது. பெரும்பாலும் சிடிக்குள்ளேயே வியூவர் இருக்கும். இல்லையென்றால் விண்டோஸில் மைக்ரோடைகாம் என்ற வியூவர் செயலியைப் போட்டுப் பாருங்கள். திறந்ததும் முழு ஃபோல்டரையும் அப்படியே பென்டிரைவில் ஏற்றிவிடுங்கள். ஒரு ஃபைலைக்கூடத் தனியாகப் பிரிக்கவோ பெயர் மாற்றவோ வேண்டாம்.

பதில் 3 (செவிலியர்)
ஃபைலின் முதல் பக்கத்தில் ஒரே தாளில் இதை எழுதி வையம்மா: ஸ்டென்ட் வைத்த தேதி, எந்த ரத்தக்குழாய், இப்போது சாப்பிடும் மாத்திரை மி.கி. அளவோடு, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. "வெள்ளை மாத்திரை காலையில் ஒன்று" என்று சொல்லி ராத்திரி எமர்ஜென்சியில் வந்து நிற்பவர்களைப் பார்த்தால் மனசு பதறும். ஸ்டென்ட் கார்டையும் படம் எடுத்து போனில் வைத்துக்கொள். எம்ஆர்ஐ எடுக்கும்போது கேட்பார்கள்.

கேட்டவர் (சனிக்கிழமை)
எல்லோருக்கும் நன்றி. சிடி அத்தை மகனின் லேப்டாப்பில் திறந்துவிட்டது. ஈசிஜிதான் எதிர்பாராதது: அட்மிட் ஆன அன்றே அண்ணன் அதைப் படம் எடுத்து சித்தப்பாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறார், அது சித்தப்பா போனில் அப்படியே இருந்தது! டாக்டர் அந்தப் பழைய ஈசிஜியையும் இப்போதைய ஈசிஜியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, இப்போது தெரியும் மாற்றம் அப்போதே இருந்ததுதான், புதிது இல்லை என்றார். எம்.ஆர்.டி.யில் திங்கள்கிழமை நகல் தருகிறார்களாம். டெக்னீஷியன் அண்ணா, வந்ததும் அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்துவிடுகிறேன்.