மெசி 135: எஞ்சின் செய்வதா, வித்துட்டுப் புதுசு எடுப்பதா?

கந்தப்பளை_தோட்டம்:
மெசி பெர்குசன் 135 ட்ராக்டர், மூன்று சிலிண்டர் பேர்கின்ஸ் எஞ்சின். உழவு குறைவு, மரக்கறியும் உரமும் ட்ரெயிலரில் ஏற்றத்தான் பாவிக்கிறோம். விடியக்காலையில் பத்துத் தடவை செல்ஃப் அடிச்சாத்தான் பிடிக்குது, வெள்ளைப் புகை. ஏத்தத்தில் லோட்டோட கறுப்புப் புகை. வலது பிரேக் பிடிக்கிறதே இல்லை, ட்ரம்முக்குக் கீழே ஒயில் வடியுது. கராஜில் ஃபுல் எஞ்சின் செய்யணும், அதாவது முழுக்கக் கழட்டிப் புதுப்பிக்கணும் என்கிறாங்க. அதுக்கு மேல கொஞ்சம் போட்டு சின்ன போர்வீல் (நாலு சில்லும் இழுக்கும் ட்ராக்டர்) ஒன்று எடுக்கலாமா?

டீசல்பம்ப்:
நீங்க சொன்னதில் நீலப் புகை இல்லையே அண்ணே, ஒயில் எரிஞ்சாத்தான் அது வரும். ஒயில் குறையாம ஃபுல் எஞ்சின் எதுக்கு?

வெள்ளைப் புகைக்கு முதலில் தேர்மோஸ்டார்ட்டைப் பாருங்க. குளிரில் எஞ்சினுக்குப் போகும் காற்றைச் சூடாக்கும் ஹீட்டர் அது; இன்டேக் மெனிஃபோல்டில் (காற்று உள்ளே போகும் குழாயில்) ஒரு வயரும் மெல்லிய டீசல் குழாயும் போகும் சாமான். சாவியை ஹீட்டில் வைத்தா வயரில் 12 வோல்ட் வரணும், குழாயைத் தளர்த்தினா டீசல் கசியணும். அனேகமா குழாய் அடைச்சிருக்கும், இல்லாட்டி யாரோ மூடி விட்டிருப்பாங்க. சரியா இருந்தா 15–20 செக்கன் பிடிச்சுட்டு செல்ஃப் அடிங்க. ஈதர் ஸ்ப்ரே மட்டும் வேணாம். ஹீட்டர் சூட்டில் மெனிஃபோல்டிலேயே பத்தும், றிங் உடையும்.

கறுப்புப் புகையில் பாதி நம்ம ஊர்க் காற்று. நுவரெலியா 1,868 மீற்றர்; கடல் மட்டத்தை விட காற்று ஆறில் ஒரு பங்கு மெலிசு. டீசல் அதே அளவு போனா எரியாம கறுப்பாத்தான் வரும். ஏர் கிளீனர் ஒயில் கிண்ணத்தைக் கழுவி, குறியளவுக்குப் புது ஒயில் விடுங்க. டீசல் பீச்சும் மூன்று நொசலையும் பம்ப் கடையில் டெஸ்ட் பண்ணுங்க, ஃபுல் லோட் டீசலையும் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்க.

இவ்வளவும் செய்த பிறகும் சந்தேகம்னா, வால்வு இடைவெளியை எஞ்சின் ஆறியிருக்கும்போது 12 தௌ (தௌ என்றா அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வைத்து, கொம்ப்ரெஷன், அதாவது சிலிண்டர் அழுத்தம் பாருங்க. குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு அளவு ஏறினா றிங், லைனர் தேய்ஞ்சிருக்கு. ஏறாட்டி வால்வு, ஹெட்டை மட்டும் கழட்டினாப் போதும்.

ஹட்டன்_பட்டறை:
எஞ்சின் கிடக்கட்டும், அந்த பிரேக்கோட இறக்கத்தில் போகாதீங்க. வலது பிடிக்காம இடது மட்டும் பிடிச்சா முன் பக்கம் இடது பக்கம் இழுக்கும். பின்னால ட்ரெயிலர் தள்ளும், மடங்கும்.

135இல் பிரேக் காய்ந்த ட்ரம், உள்ளே ஒயில் படக்கூடாது. ஹாஃப் ஷாஃப்ட் (பின் சில்லைச் சுற்றும் அச்சு) சீல் போனா கியர் ஒயில் நேரா லைனிங்கில்தான். ஒயில் குடித்த லைனிங்கை பெட்ரோலில் கழுவிப் போடுவாங்க. சூடேறினதும் உள்ளே இருக்கிறது மறுபடி வெளியே வரும். இரண்டு பக்கமும் புதுசு போடுங்க. சீலை மாற்ற ஷாஃப்டை இழுக்கணும். பெயாரிங்கைப் பிடிக்கும் கொலர் சூடாக்கி ஏற்றினது, வெட்டித்தான் எடுக்கணும். புதுக் கொலர் கையில் இல்லாம வேலையைத் தொடங்காதீங்க.

பின் பக்க ஒயிலையும் பாருங்க. கியர்பொக்ஸுக்கும் ஹைட்ரோலிக்குக்கும் ஒரே ஒயில், 30 லீட்டருக்கு மேல் பிடிக்கும். பால் கலந்த தேத்தண்ணி மாதிரி இருந்தா கியர் லிவர் றப்பர் கிழிஞ்சு மழைத் தண்ணி இறங்கியிருக்கு. அளவுக்கு மேல் ஊத்தியிருந்தாலும் சீல் தள்ளும்.

நானுஓயா72:
நான் விக்கச் சொல்வது ஒரு நிலையில்தான்: பின் ஹவுசிங்கிலோ ட்ரம்பெட்டிலோ (பின் அச்சின் உறை) வெடிப்பு, அல்லது கியர் தானா நியூட்ரலுக்கு வருது. வெல்டிங் அடிச்ச ஹவுசிங்கை லோட்டுக்கு நம்ப முடியாது. கிராங்க் தேய்மானம் அப்படியில்லை. 10, 20, 30 தௌ வரை அரைக்கலாம், பெயாரிங் கிடைக்கும்.

சின்ன போர்வீல் உழவுக்கு நல்லாயிருக்கும். ஆனா 135 ஏறக்குறைய ஒன்றரை டன். எடை குறைந்த வண்டியில் அதே ட்ரெயிலரை மாட்டினா இறக்கத்தில் ட்ரெயிலர்தான் வண்டியை ஓட்டும். போர்வீல் எடுத்தா ட்ரெயிலருக்குத் தனி பிரேக்கையும் கணக்கில் சேருங்க.

கந்தப்பளை_தோட்டம்:
வெடிப்பு இல்லை, கியர் நிற்குது. டேஷில் ஹை-லோ என்று சின்ன லிவர் ஒன்று இருக்கு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமா?

ஹட்டன்_பட்டறை:
சம்பந்தம் இருக்கு தம்பி, அது மல்டிபவர்; ஒவ்வொரு கியரையும் ஹை, லோ என்று இரண்டு வேகமாக்கும். லோவில் இருந்தா இறக்கத்தில் எஞ்சின் பிடிக்காது, சில்லு சும்மா உருளும். பிரேக்கைச் சரியாக்கின பிறகும், இறங்க முன்னமே லிவரை ஹையில் வைத்து, கீழ் கியரைப் போட்டுட்டு, இரண்டு பிரேக் பெடலையும் கொக்கியால் சேர்த்து மாட்டுங்க.