ஹால் அண்ட் ஓட்ஸ் ஹிட்ஸ்: நாப்பது வருஷம் கழிச்சும் சலிக்கலையே, ஏன்?

கொக்கிரகுளத்தான்:

எங்க சித்தப்பா கப்பல்ல வேலை பார்த்தாவ. லீவுக்கு வரும்போது பெட்டியில சென்ட் பாட்டில், கோடாலித் தைலம், அதுக்கடியில கேசட்டு. அந்தக் கேசட் எல்லாம் இப்போ எங்க வீட்டுல. ஞாயித்துக்கிழமை மத்தியானம் உக்காந்து ஒவ்வொண்ணா கம்ப்யூட்டர்ல ஏத்திக்கிட்டு இருக்கேன். பாதியில பூஞ்சை. சிலதுல டேப்பே ஒட்டிக்கிச்சு. சுத்தமா ஓடுனதுல ஒண்ணு 'ராக் என் சோல் பார்ட் 1'. டேரில் ஹால், ஜான் ஓட்ஸ்னு அமெரிக்காக்காரங்க ரெண்டு பேரோட ஹிட்ஸ் தொகுப்பு, 1983ல வந்தது.

அதே பெட்டியில அந்தக் காலத்து மத்த இங்கிலீஷ் பாட்டும் கிடக்கு. ஒரு தடவை கேட்டு, ஏத்தி, மூடி வச்சாச்சு. இது மட்டும் வீட்டுல ஓடிக்கிட்டே இருக்கு. என் வீட்டுக்காரிக்கு இங்கிலீஷ் பாட்டுல நாட்டமே கிடையாது. ஆனா 'மேன்ஈட்டர்' பாட்டோட பேஸ், அதான் அடியில ஓடுற கனமான வாத்தியச் சத்தம், ஆரம்பிச்சா அடுப்படியில முணுமுணுப்பு கேக்குது. மக பிளஸ் ஒன் படிக்கா, கோயில் கொயர்ல ஆல்டோ, அதாவது பொம்பளைங்க கீழ்க்குரல், பாடுதா. 'சாரா ஸ்மைல்' வந்தா ஹெட்போனைப் பிடுங்கிட்டுப் போயிருதா.

பழைய நினைப்புதான் காரணம்னு சொல்லுவாங்க. எனக்கு வேணா அது இருக்கும். 2008ல பிறந்த பிள்ளைக்கு ஏது பழைய நினைப்பு? அப்போ பாட்டுக்குள்ளயே ஏதோ இருக்கணும். இசை தெரிஞ்சவங்க அது என்னன்னு சொல்லுங்க. இந்தத் தொகுப்பைத் தாண்டி அடுத்து எதைக் கேக்கலாம்னும் சொல்லுங்க.

---

பாளை டெனர்:

உங்க மக ஆல்டோன்னு சொன்னியளே தம்பி, பாதி விடை அதுலயே இருக்கு.

நான் சின்னப் பையனா இருக்கும்போதே பாளையங்கோட்டையில கொயர்ல சேர்ந்தவன். குரல் உடைஞ்சதும் டெனருக்கு, அதான் ஆம்பளைங்க மேல்குரலுக்கு, தள்ளிட்டாவ, அன்னையில இருந்து டெனர்தான். பாமாலை பாடும்போது டெனர் லைனை மட்டும் தனியா பாடிப் பாருங்க. ரெண்டு மூணு ஸ்வரத்துக்குள்ளயே சுத்திக்கிட்டு நிக்கும். சால்ஃபா புக்குல, அதான் ஸ்வரத்தை எழுத்தால எழுதுன புக்குல, 's s s f s'ன்னு கிடக்கும், அதாவது 'ஸோ ஸோ ஸோ ஃபா ஸோ'. அதைப் பாட்டுன்னே யாரும் சொல்ல மாட்டாவ. மெட்டைப் பாடுற சோப்ரானோ மேல போகும்போது அந்த 'ஃபா' கீழ உரசும் பாருங்க, அங்கதான் உடம்பு சிலிர்க்கும். கோயில்ல உக்காந்திருக்கிறவங்களுக்கு எது சிலிர்க்க வச்சதுன்னு தெரியாது. மெட்டுதான்னு நினைச்சுக்கிடுவாவ.

ஹால் அண்ட் ஓட்ஸ் பாட்டெல்லாம் அந்த உரசல்ல நிக்குது. அவங்க பாடுன சோல் இசையோட வேர் கறுப்பின மக்களோட சபைப் பாட்டு. ஒருத்தர் முன்னால பாடுவாரு, சபை பதில் சொல்லும். மத்த பாப் பாட்டுல பின்குரல் ஒரு அலங்காரம், எடுத்துட்டாலும் பாட்டு நிக்கும். இவங்க பாட்டுல பின்குரலை எடுத்தா பல்லவியே காணாமப் போயிரும். 'கிஸ் ஆன் மை லிஸ்ட்' பல்லவியைக் கவனிச்சுக் கேளுங்க. முக்கியமான வரியைப் பாடுறது பின்குரல் கூட்டம்தான். ஹால் அதைச் சுத்தி பதில் சொல்லிக்கிட்டுத் திரியுதாரு. 'மேன்ஈட்டர்'லயும் அப்படித்தான். அதனாலதான் தம்பி, இங்கிலீஷ் பாட்டுப் பழக்கம் இல்லாத உங்க வீட்டுக்காரம்மாவும் உள்ள வந்துருதாவ. கேக்கிறவங்களுக்குப் பாட்டுக்குள்ள ஒரு இடம் ஒதுக்கி வச்சிருக்கு. 'பிரைவேட் ஐஸ்'ல வரிக்கு வரி கைதட்டலுக்குன்னே இடம் விட்டிருக்கும், தட்டாம இருக்க முடியாது.

இவங்க வந்த வழியையும் சொல்லணும். ரெண்டு பேரும் வெள்ளைக்காரங்க, பிலடெல்பியா பக்கம் வளர்ந்தவங்க. ஹால் படிக்கிற காலத்துல 'டெம்ப்டோன்ஸ்'னு ஒரு குழு வச்சு, கறுப்பின ரசிகர்கள் நிறைஞ்ச அப்டவுன் தியேட்டர்ல பாடுனவரு. அங்க தப்பாப் பாடுனா விட மாட்டாவ. 1967ல அடெல்ஃபி பால்ரூம்ங்கிற மண்டபத்துல ஹாலோட குழுவும் ஓட்ஸோட குழுவும் மேடை ஏறக் காத்திருக்கும்போது கும்பல் சண்டையில துப்பாக்கி வெடிச்சிருக்கு. தப்பிக்க ஓடுன ரெண்டு பேரும் சாமான் ஏத்துற ஒரே லிஃப்டுக்குள்ள. பேசிப் பார்த்தா ரெண்டு பேரும் டெம்பிள் யுனிவர்சிட்டி மாணவங்க. அங்க ஆரம்பிச்ச பழக்கம்.

இப்போ 'ஷீஸ் கான்'. தொகுப்புல எனக்கு உயிர் இதுதான். புத்தாண்டு ராத்திரி ஒரு பொண்ணு வர்றேன்னு சொல்லி வராமப் போனதுல ஓட்ஸ் பல்லவியைப் போட்டிருக்காரு. ஹாலுக்கு அப்போ கல்யாண வாழ்க்கை முறிஞ்சுக்கிட்டிருந்த நேரம், சரணம் அவர்கிட்ட இருந்து வந்துச்சு. ரெண்டு பேர் துக்கம் ஒரே பாட்டுல கிடக்கு. சரணத்துல ஓட்ஸ் கீழ, ஹால் ஒரு ஸ்தாயி மேல, ஒரே மெட்டைச் சேர்ந்து பாடுதாங்க. நம்ம கோயில்ல அப்பாமாரும் பிள்ளைகளும் ஒரே கீர்த்தனையை மேலயும் கீழயும் பாடுவாங்களே, அதே அமைப்பு. ஹார்மனியே இல்லாம அவ்வளவு நேரம் இழுத்துட்டு, பல்லவியில குரலைப் பிரிச்சு விடும்போது தாங்க முடியாது. கடைசியில சுருதி படிப்படியா ஏறும். ஒவ்வொரு படிக்கும் ஹால் குரல் இன்னும் கொஞ்சம் கிழியும்.

இந்தப் பாட்டு 1973லயே ஆல்பத்துல வந்துட்டு. தனிப்பாட்டா விட்டும் பெருசா எடுபடல. 1974ல டவாரேஸ்ங்கிற குழு இதையே பாடி, கறுப்பின இசைக்கான ஆர் அண்ட் பி பட்டியல்ல முதலிடம் வாங்குனாங்க. 1976ல 'சாரா ஸ்மைல்' ஜெயிச்ச பிறகு இவங்க பாட்டைத் திரும்ப வெளியிட்டு பாப் பட்டியல்ல ஏழாவது இடம் வரை போச்சு. வேற ஆள் வாயில போயும் ஜெயிச்சு, மூணு வருஷம் கிடந்தும் ஜெயிச்ச பாட்டுக்கு நாப்பது வருஷம் ஒரு கணக்கா?

'சாரா ஸ்மைல்' பத்தி மக கிட்ட ஒண்ணு சொல்லுங்க. ஹால் ஒரு வரியை ரெண்டாவது தடவை பாடும்போது முதல் தடவை மாதிரி பாடுறதே இல்ல. எங்க கள்ளக்குரலுக்கு, அதான் மெல்லிசா மேல ஏறுற குரலுக்கு, தாவுறாரு, எங்க இயல்பான மார்புக்குரல்லயே நிக்கிறாருன்னு பென்சிலால குறிச்சுக்கிட்டே கேக்கச் சொல்லுங்க. சங்கதி போடுற வித்வான் கிட்ட எதைத் தேடுவோமோ அது இங்கயும் கிடைக்கும்.

---

வண்ணாரப்பேட்டை கீபோர்ட்:

அண்ணாச்சி சொன்னதுல குரல் வரைக்கும் நான் ஒத்துக்கிடுதேன். ஆனா குரல் மட்டும் காரணம்னா அந்தக் காலத்துல நல்லாப் பாடுன எல்லார் பாட்டும் இன்னிக்கும் ஓடணும். ஓடலையே. நான் கல்யாண வீட்டு மேடையில, கொடை விழாவுல மெல்லிசைக் குழுவோட வாசிக்கிறவன். எனக்குப் படுறது, இவங்க பாட்டு நிக்கிறதுக்குக் காரணம் வாசிக்காம விட்ட இடம்.

'ஐ கான்ட் கோ ஃபார் தட்' எடுத்துக்கோங்க. ரோலண்ட் சிஆர்-78னு ஒரு சின்ன ரிதம் பெட்டி, அதுல ஏற்கனவே பதிஞ்சு வந்த தாளம் ஒண்ணு. ரெக்கார்டிங் முடிஞ்சு மத்த வாத்தியக்காரங்க கிளம்புன பிறகு ஹால் அந்தப் பெட்டியை ஓட விட்டு கோர்க் ஆர்கன்ல பேஸைப் பிடிச்சிருக்காரு. ஓட்ஸ் கிட்டார்ல ரெண்டே ரெண்டு கொத்து. பாட்டோட எலும்பு அவ்வளவுதான். பேஸ் சொன்னதையே சொல்லிக்கிட்டிருக்கும், சாக்ஸபோன் வர்ற வரைக்கும் யாரும் அவசரப்பட மாட்டாங்க. நடுவுல இருக்கிற காலி இடத்துல நம்ம காது போய் உக்காந்துக்கிடும்.

மேடையில இதைச் செய்யுறது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும். கீபோர்ட் கையில இருந்தா ரெண்டு கையும் சும்மா இருக்காது, இடம் கண்டா ஸ்ட்ரிங்ஸ் போட்டு நிரப்பத் தோணும். பாடகர் மூச்சு வாங்குற இடத்துல கையைத் தூக்கிட்டு நிக்க தைரியம் வேணும்.

அந்தப் பாட்டு 1982 ஆரம்பத்துல அமெரிக்காவுல பாப் பட்டியல்லயும் முதலிடம், ஆர் அண்ட் பி பட்டியல்லயும் முதலிடம். வெள்ளைக்காரப் பாடகர்களுக்கு அபூர்வமா நடக்கிறது. 'பில்லி ஜீன்' பேஸுக்கு இதுல இருந்துதான் எடுத்தேன்னு மைக்கேல் ஜாக்சன் தன்கிட்டயே சொன்னதா ஹால் பேட்டிகள்ல சொல்லியிருக்காரு. 1989ல டி லா சோல்ங்கிற ஹிப்ஹாப் குழு இதை வெட்டி எடுத்து அவங்க பாட்டுக்குள்ள வச்சாங்க. நிரப்பி வச்ச பாட்டா இருந்தா எங்க வெட்டுறது?

---

துறைமுகத் தெரு:

தூத்துக்குடியில இருந்து எழுதுதேன். எங்க பக்கம் அந்தக் காலத்துல இலங்கை வானொலி உள்ளூர் ஸ்டேஷன் மாதிரி தெளிவா விழுந்துச்சு. தமிழ்ச் சேவை முடிஞ்சதும் முள்ளைத் திருப்பி ஆங்கிலச் சேவை கேட்ட வீடுகள் உண்டு. பாடுனது யார்னு தெரியாமலே இவங்க பாட்டு எங்களுக்குப் பழக்கம்.

ஒரு மாற்றுக் கருத்து. எல்லாப் பாட்டும் அப்படியே நிக்குதுன்னு சொல்ல மாட்டேன். 1984ல வந்த 'அவுட் ஆஃப் டச்' நம்பர் ஒன் ஆச்சு. இன்னிக்குக் கேட்டா அந்த டிரம் சத்தம் வந்து அறையுது, மெட்டு நல்லா இருந்தும் காலம் தெரியுது. எழுபதுகள்ல வந்ததுக்கு அந்தக் குறை இல்ல. 'ரிச் கேர்ள்' ரெண்டரை நிமிஷம் கூடக் கிடையாது, வந்து சொல்லிட்டுப் போயிருது.

இன்னொண்ணு மனசுக்குக் கஷ்டமா இருக்கு. 2023ல ரெண்டு பேரோட கூட்டுக் கம்பெனியில ஓட்ஸ் தன் பங்கை ஒரு இசைக் கம்பெனிக்கு விக்கக் கூடாதுன்னு ஹால் கோர்ட்டுக்குப் போயிட்டாரு. இப்படிச் சேர்ந்து பாடுனவங்க இப்படிப் பிரிஞ்சாங்கன்னு தெரிஞ்ச பிறகு பாட்டைக் கேக்கும்போது உறுத்துதா இல்லையா? ஓட்ஸ் என்ன செஞ்சாருன்னு கேக்கிற ஆளுங்களும் இருக்காங்க, பாடுறதெல்லாம் ஹால்தானேன்னு.

---

பாளை டெனர்:

உறுத்தல அய்யா. நமக்கு இது புதுசா? விஸ்வநாதன், ராமமூர்த்தி 1965ல பிரிஞ்சாங்க. அதுக்கு முன்னால அவங்க சேர்ந்து போட்ட பாட்டை அன்னையில இருந்து இன்னிக்கு வரைக்கும் நம்ம ஊர்க் கல்யாண வீட்டுல கேட்டுக்கிட்டுதான் இருக்கோம். பிரிஞ்ச கதை தெரிஞ்சும் ஒரு வயலின் இழுப்பு கூடக் குறைஞ்சு கேக்கல.

ஓட்ஸ் என்ன செஞ்சாருன்னு கேக்கிறதுதான் எனக்கு ஆத்தாமையா இருக்கு. கொயர்ல கீழ்க்குரல் பாடுறவனை யாரும் பேர் சொல்லிப் பாராட்டுனது கிடையாது. பேஸ், அதாவது ஆம்பளைங்க அடிக்குரல், பாடுற ரெண்டு பேர் காய்ச்சல்ல படுத்துட்டா அந்த வாரம் கேரல் சர்வீஸ்ல பாட்டு அந்தரத்துல தொங்கும், அப்போதான் தெரியும். 'மேன்ஈட்டர்' ஓட்ஸ் ஆரம்பிச்ச பாட்டு. அவர் ஜமைக்காவோட ரெகே தாளத்துல கொண்டுவந்தாரு, ஹால் அதை மோடவுன்ங்கிற சோல் இசைக் கம்பெனிப் பாட்டு நடைக்கு மாத்துனாரு. நாலு வாரம் முதலிடத்துல நின்னுச்சு. ஒருத்தர் மட்டும் இருந்திருந்தா அந்தப் பாட்டு இந்த உருவத்துல வந்திருக்காது.

'அவுட் ஆஃப் டச்' பத்தி நீங்க சொன்னது சரி. டிரம் சத்தத்தை நான் காப்பாத்த மாட்டேன். வண்ணாரப்பேட்டைத் தம்பி சொன்ன காலி இடமும் சரி. ஆனா காலி இடம் குரலுக்காக விட்டது, அதையும் சேர்த்துக்கோங்க.

---

கொக்கிரகுளத்தான்:

எல்லாருக்கும் நன்றி. அண்ணாச்சி, பென்சில் விஷயத்தை மககிட்ட சொன்னேன். இப்போ அவளுக்கு ஒரு கேள்வி. கொயர்ல சேக்காளிங்க நாலு பேர் சேர்ந்து இதுல ஒரு பாட்டை வீட்டுல பாடிப் பழகணுமாம், எதுல ஆரம்பிக்கட்டும்னு கேக்கா. அடுத்து என்ன கேக்கலாம்னும் யாரும் சொல்லல.

---

பாளை டெனர்:

'கிஸ் ஆன் மை லிஸ்ட்' பல்லவியில ஆரம்பிக்கட்டும். முன்குரலை யாரும் பாட வேண்டாம், அதை கேசட்டுல ஹாலே பாடட்டும். பிள்ளைங்க நாலு பேரும் பின்குரலை மட்டும் எடுக்கணும். மேல் வரியை ரெண்டு பேர், நடு வரியை உங்க மக, கீழ் வரியை ஒருத்தி ஒரு ஸ்தாயி ஏத்திப் பாடிக்கிடலாம். சால்ஃபாவுல எழுதிக்கிட்டா சீக்கிரம் பிடிபடும். நடு வரி முதல்ல ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும், விட்டுறாம பாடச் சொல்லுங்க. அது கைக்கு வந்த பிறகு 'ஷீஸ் கான்' போகலாம், அதுக்கு முன்னால வேண்டாம், தொண்டை புண்ணாகிரும்.

கேக்கிறதுக்கு ரெண்டு. 1973ல வந்த 'அபாண்டன்ட் லஞ்சனெட்' ஆல்பத்தை முழுசா கேளுங்க. 'ஷீஸ் கான்' அதுலதான் இருக்கு, ரெண்டு குரலும் சரிசமமா நிக்கிற காலம் அது. அப்புறம் 1985ல நியூயார்க் அப்பலோ தியேட்டர்ல பதிவு பண்ணுன நேரடி நிகழ்ச்சி. டெம்ப்டேஷன்ஸ் குழுவுல பாடுன டேவிட் ரஃபின், எடி கெண்ட்ரிக்ஸ் ரெண்டு பேரையும் கூப்பிட்டு மேடையில நிப்பாட்டி அவங்க பழைய பாட்டையே சேர்ந்து பாடுதாங்க. தான் சின்ன வயசுல யாரைக் கேட்டுப் படிச்சாரோ அவங்க பக்கத்துல நின்னு ஹால் பாடுறதை மகளைக் கேக்கச் சொல்லுங்க. கெண்ட்ரிக்ஸ் கள்ளக்குரல் வரும்போது வால்யூமைக் குறைக்காதிய.