விலங்கு மாட்டிய பிறகும் முதுகில் முழங்கால் எதற்கு?

முகில்:
ஒரு கைது வீடியோ பார்த்தேன். ஆளைக் குப்புறத் தள்ளி, கையைப் பின்னால் வைத்து விலங்கும் மாட்டியாயிற்று. அப்புறமும் ஒரு காவலர் முதுகிலிருந்து முழங்காலை எடுக்கவே இல்லை. "திமிறிக்கொண்டே இருந்தான்" என்பது அவர்கள் பதில். பயிற்சியில் இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்களா?

பழைய வாத்தியார்:
பதினோரு வருஷம் இதைச் சொல்லிக்கொடுத்தவன். இல்லை. முழங்கால் உண்டு, ஆனால் தோள்பட்டை மேல், பூட்டும் அந்தச் சில நொடிக்கு மட்டும். பூட்டியதும் விலங்கில் இரண்டாவது பூட்டையும் போட வேண்டும் (இல்லாவிட்டால் கை அசைய அசைய வளையம் இறுகும், மணிக்கட்டு நரம்பு கெடும்). உடனே ஆளை ஒருக்களித்துப் புரட்ட வேண்டும், அல்லது உட்காரவைக்க வேண்டும். புதுச் சங்கதி இல்லை இது. அமெரிக்க நீதித் துறையின் 1995 எச்சரிக்கைக் குறிப்பிலேயே இருக்கிறது.

அந்தத் 'திமிறல்' இருக்கிறதே, அதில்தான் விஷயம். புது ஆட்களைக் குப்புறப் படுக்கவைத்து முதுகில் அளவாகத்தான் அழுத்தச் சொல்வேன். இருபது எண்ணுவதற்குள் பயில்வான் மாதிரி இருப்பவனும் நெளிவான், தரையைத் தட்டுவான். "ஏன்டா திமிறினே?" என்றால், "திமிறலை சார், மூச்சு விடப் பார்த்தேன்" என்பான். மேலே இருப்பவனுக்கு அது முரண்டாகத் தெரியும், இன்னும் அழுத்துவான். கீழே இருப்பவன் இன்னும் நெளிவான்.

கடல்நாகம்:
பேசுகிறான், கத்துகிறான் என்றால் மூச்சு இருக்கிறதுதானே? உட்கார்ந்த இடத்திலிருந்து குறை சொல்வது சுலபம்.

பழைய வாத்தியார்:
நாலு வார்த்தை பேசக் கொஞ்சம் காற்றே போதும் தம்பி. உயிரோடு இருக்க அது போதாது. 2020-இல் அமெரிக்காவின் மினியாபொலிஸில் காவலர் பிடியில் இறந்துபோன ஜார்ஜ் ஃபிளாய்டும் முதலில் பேசிக்கொண்டுதான் இருந்தார். அவர் கழுத்து மேல் முழங்கால் இருந்தது 9 நிமிடம் 29 நொடி. வேலைக்கு வந்து சில நாளே ஆன ஒரு காவலர், புரட்டிவிடலாமா என்று அங்கேயே கேட்டார். மூத்தவர் வேண்டாம் என்றார், அதோடு சரி. பிடி போட நாங்கள் மணிக்கணக்கில் பழக்குகிறோம். மூத்தவன் கையைத் தட்டிவிடப் பழக்கினோமா என்றால், என் வகுப்பில் அது கடைசி நாள், மதியத்துக்கு மேல், அரை மணி நேரம். எனக்கே வெட்கம்தான்.

முகில்:
ஐயா, வீடியோவைத் திரும்பப் பார்த்தேன். விலங்கு மாட்டி மூன்றாவது நிமிடத்தில் திமிறல் நின்றுவிடுகிறது. முழங்கால் அப்படியே இருக்கிறது.

பழைய வாத்தியார்:
நின்றதும் யாராவது நாடி பார்த்தார்களா?

முகில்:
இல்லை. ஒருவர் கீழே விழுந்த தன் தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தார்.