[தீர்ந்தது] டெபியனில் வைஃபை: ரவுட்டரை ஒட்டி உட்கார்ந்தால்தான் சிக்னல்

சுண்டெலி:
எல்லாருக்கும் வணக்கம். பழைய லேப்டாப்பில் விண்டோஸை மொத்தமாக எடுத்துவிட்டு டெபியன் 11 (லினக்ஸ்) போட்டேன். டச்பேட், சவுண்ட், திரை வெளிச்சம் எல்லாம் ஒழுங்கு. வைஃபை மட்டும் சுத்தமாக இல்லை. மேலே மூலையில் வைஃபை குறியே வரவில்லை, செட்டிங்ஸில் "அடாப்டர் எதுவும் இல்லை" என்கிறது. நேற்றுவரை விண்டோஸில் நன்றாக வேலை செய்த கார்டு இது.

நிறுவும்போது ஏதோ ஒரு ஃபைல் இல்லை, வேறு பென்டிரைவில் இருக்கிறதா என்று கேட்டது. "இல்லை" என்று தட்டிவிட்டு மேலே போய்விட்டேன். அதுதான் வினையா?

லேப்டாப்பில் நெட் இல்லாததால் போனில், தமிழ் கீபோர்டில் தட்டுகிறேன். கட்டளைகளையும் உச்சரிப்பிலேயே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேகத்தடை:
ப்ரோ, கிட்ஹப்ல அந்தக் கார்டுக்கு டிரைவர் இருக்கும். டவுன்லோட் பண்ணி, மேக், மேக் இன்ஸ்டால், ரீபூட். அஞ்சு நிமிஷ வேலை.

பழையபெட்டி:
எந்தக் கார்டுன்னே இன்னும் தெரியல, அதுக்குள்ள டிரைவரா? தம்பி சுண்டெலி, அவசரப்படாதீங்க. டெர்மினல்ல மூணு விஷயம் பார்த்துச் சொல்லுங்க.

எல்எஸ்பிசிஐ கட்டளையை -என்என்கே சேர்த்துப் போடுங்க. அதுல நெட்வொர்க் கன்ட்ரோலர்னு வர்ற பகுதி முழுசா வேணும். பேரை விட, சதுர அடைப்புக்குள்ள இருக்குற எண்தான் முக்கியம். அடுத்து ஆர்எஃப்கில் லிஸ்ட். சாஃப்ட் பிளாக்டு, ஹார்டு பிளாக்டுன்னு ரெண்டு வரி வரும், அதுல எஸ்ஸா நோவா? ஹார்டு எஸ்னு இருந்தா கீபோர்டுலயோ பக்கவாட்டுலயோ ஒரு பொத்தான் அணைஞ்சிருக்கு, அதுக்கு டிரைவர் என்ன செய்யும் பாவம். கடைசியா டிமெசேஜ்ல, அதாவது கர்னல் (லினக்ஸோட மையப் பகுதி) எழுதுற பதிவுல, ஃபர்ம்வேர்னு (கார்டுக்குள்ள ஓடுற குட்டி மென்பொருள்) தேடுங்க. அது ரூட்டா (நிர்வாகியா) இருந்தாத்தான் காட்டும்.

சுண்டெலி:
பார்த்தேன் அண்ணே.

கார்டு: ரியல்டெக் ஆர்டிஎல்8723பிஇ. அடைப்புக்குள் 10இசி:பி723.
ஆர்எஃப்கில்: புளூடூத் மட்டும் தெரிகிறது, பிளாக் எதுவும் இல்லை.
டிமெசேஜ்: சிவப்பில் ஒரு வரி. ஆர்டிஎல்வைஃபை என்ற ஃபோல்டரில் ஆர்டிஎல்8723பிஇஎஃப்டபிள்யூ_36.பின் என்ற ஃபைலை ஏற்ற முடியவில்லை, எரர் -2 என்கிறது.

பழையபெட்டி:
எரர் -2ன்னா "ஃபைல் அந்த இடத்துல இல்ல"ன்னு அர்த்தம், வேற பயமில்லை. டிரைவர் கர்னலுக்குள்ளயே இருக்கு. கார்டை அடையாளம் கண்டுட்டு, அதுக்கு ஊட்ட வேண்டிய ஃபர்ம்வேரைத் தேடியிருக்கு, கிடைக்கல. இன்ஸ்டாலர் உங்ககிட்ட கேட்டதும் இந்த ஃபைலைத்தான்.

டெபியன் 11 வரைக்கும் அதிகாரபூர்வ இமேஜ்ல இந்த மாதிரி மூடின ஃபர்ம்வேரைச் சேர்க்க மாட்டாங்க, கொள்கை அப்படி. 2022ல டெவலப்பர்கள் ஓட்டெடுப்பு நடத்தி மாத்துனாங்க. 2023ல வந்த டெபியன் 12லேர்ந்து இன்ஸ்டாலரே கார்டைப் பார்த்து எடுத்துப் போட்டுக்கும். அதனால ரெண்டு வழி. இதே 11ல சோர்ஸஸ்.லிஸ்ட்ல (பேக்கேஜை எங்கேர்ந்து எடுக்கணும்ங்கிற பட்டியல்) நான்-ஃப்ரீங்கிற பகுதியைச் சேர்த்து, ஃபர்ம்வேர்-ரியல்டெக் பேக்கேஜ் போடலாம். இல்ல, புதுசாத்தானே போட்டிருக்கீங்க, 12ஐயே போட்டுடுங்க.

நெட்டுக்கு: போனை யூஎஸ்பி கேபிள்ல சொருகி, போன் செட்டிங்ஸ்ல யூஎஸ்பி டெதரிங்கை ஆன் பண்ணுங்க. லினக்ஸ் அதை ஒரு வயர்டு கார்டு மாதிரி எடுத்துக்கும். ஆண்ட்ராய்டுன்னா பெரும்பாலும் எந்த டிரைவரும் கேக்காது.

வேகத்தடை தம்பிக்கு: இந்தக் கார்டோட டிரைவர் கர்னல்லயே இருக்கும்போது வெளியிலேர்ந்து எடுத்துக் கட்டுறது கடைசி வழி. கர்னல் மாறும்போதெல்லாம் திரும்பக் கட்டணும், செக்யூர் பூட் (கையெழுத்து இல்லாததை ஏத்த விடாத பாதுகாப்பு) ஆன்ல இருந்தா டிரைவருக்கு நாமளே டிஜிட்டல் கையெழுத்துப் போடணும். அஞ்சு நிமிஷம் இல்ல, ஆயுசு சந்தா.

வேகத்தடை:
சரி சரி 🙏

சுண்டெலி:
12 போட்டுவிட்டேன். ஃபர்ம்வேர் தானாக ஏறியது, வைஃபை குறி வந்தது, கனெக்டும் ஆனது. இழையை மூடலாம் என்று நினைத்தேன், முடியவில்லை.

லேப்டாப்பை ரவுட்டருக்கு ஒரு முழம் தள்ளி வைத்தால் வேலை செய்கிறது. எழுந்து மேசைக்குப் போனால் ஒரு கோடு, அடுத்த அறைக்குப் போனால் பெயரே பட்டியலில் இல்லை. அதே மேசையில் போனுக்கு முழு சிக்னல். விண்டோஸில் இந்த லேப்டாப்பும் அங்கேதான் இருந்தது, இப்படி ஒரு நாளும் செய்ததில்லை.

கருப்புத்திரை:
பவர் சேவ் (மின்சாரம் மிச்சம் பிடிக்கிற அமைப்பு) காரணமா இருக்கலாம். நெட்வொர்க்மேனேஜர் கான்ஃபிக்ல வைஃபை.பவர்சேவ் = 2 போட்டுப் பாருங்க. 2ன்னா அணை, 3ன்னா போடு. எனக்கு அதுல சரியாச்சு.

சுண்டெலி:
போட்டேன். பிங் (பதில் வரும் நேரம்) முன்பு தாறுமாறாக இருந்தது, இப்போது கொஞ்சம் சீராக இருக்கிறது. கோடு மட்டும் ஒன்றுதான்.

பழையபெட்டி:
பவர் சேவ் கார்டைத் தூங்க வைக்கும், அதனால பதில் தாமதமாகும். சிக்னலோட பலத்தை அது குறைக்காது. உங்க பிரச்சினை பலம்.

கோட்டை நம்பாதீங்க, எண்ணைப் பாருங்க. மேசையில உக்காந்து ஐடபிள்யூ டெவ், கார்டு பேரு, லிங்க். சிக்னல்னு ஒரு வரி வரும், டிபிஎம்ங்கிற அளவுல. மைனஸ் எண்தான், பூஜ்யத்துக்குக் கிட்ட வர வர பலம் அதிகம்.

சுண்டெலி:
"கட்டளையே இல்லை" என்கிறது.

பழையபெட்டி:
டெபியன்ல இது எல்லாரும் ஒரு தடவை விழுற குழி. அது எஸ்பின்ங்கிற நிர்வாகி ஃபோல்டர்ல இருக்கு, சாதாரணப் பயனர் கட்டளை தேடுற பாதையில அது இல்ல. எஸ்யூ போட்டு ரூட்டா மாறுங்க, பின்னாடி ஒரு கோடு கட்டாயம் போடணும்: எஸ்யூ, ஒரு இடைவெளி, ஒரு கோடு. கோடு இல்லாம மாறினா ரூட்டா இருப்பீங்க, பாதை மட்டும் பழசு. அப்பவும் இல்லைன்னு சொன்னா அந்தப் பேக்கேஜே இல்ல, ஐடபிள்யூன்னே போட்டு நிறுவிக்கோங்க.

சுண்டெலி:
வந்துவிட்டது. மேசையில் -84. ரவுட்டரை ஒட்டி -61.

பழையபெட்டி:
ஒட்டி வச்சே -61ஆ! அங்க -30, -35 வரணும். ஏறக்குறைய காது கேக்காத கார்டு. எனக்கு இப்ப ஒரே சந்தேகம்தான்: ஆன்டெனா.

இந்தச் சிப் இருக்குற கார்டுல ஆன்டெனா சொருக ரெண்டு வாய் இருக்கும். ஆனா ஒரு நேரத்துல ஒண்ணுதான் பயன்படும். சில லேப்டாப் தயாரிப்பாளர்கள் காசு மிச்சம் பிடிக்க ஒரே ஒரு வயரை மட்டும் உள்ள விட்டுட்டாங்க. எந்த வாயில வயர் இருக்குங்கிற தகவல் கார்டோட சின்ன நினைவகத்துல எழுதியிருக்கணும், டிரைவர் அதைப் படிச்சுத்தான் வாயைத் தேர்ந்தெடுக்கும். அதுல தப்பா எழுதிட்டா, டிரைவர் வயரே இல்லாத வாயில காதை வச்சுக் கேட்டுக்கிட்டு இருக்கும். ரவுட்டர் பக்கத்துல இருந்தா அந்த வெறும் உலோக முனையிலயே கொஞ்சம் கசியும், அதான் உங்களுக்கு வர்றது.

இதுக்குன்னே டிரைவர்ல ஆன்ட்_செல்னு ஒரு அமைப்பு இருக்கு. 0ன்னா கார்டு சொல்றபடி, 1 அல்லது 2ன்னா நாம சொல்ற வாய். ரூட்டா இருந்து மாட்ப்ரோப் -ஆர் போட்டு ஆர்டிஎல்8723பிஇ மாட்யூலை (அதாவது டிரைவரை) இறக்குங்க. திரும்ப ஏத்தும்போது பின்னாடியே ஆன்ட்_செல்=1 சேருங்க. மேசையை விட்டு நகராம அளவு பாருங்க. அப்புறம் 2.

சுண்டெலி:
ஆன்ட்_செல்=1: -85.
ஆன்ட்_செல்=2: -52!!!

அண்ணே, அடுத்த அறையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். லேப்டாப்பிலிருந்து!

கருப்புத்திரை:
-84க்கும் -52க்கும் 32 வித்தியாசம். 10 டெசிபெல்லுக்கு பத்து மடங்குன்னு கணக்கு. அப்ப 30க்கே ஆயிரம் மடங்கு, 32ன்னா அதையும் தாண்டியாச்சு. நான் பவர் சேவைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டு இருந்தேன்.

சுண்டெலி:
லேப்டாப்பை ரீபூட் செய்தேன், பழைய குருடி கதவைத் திறடி. திரும்ப -84. கைவிட்டுப் போகக்கூடாது என்று ஃபைலில் எழுதிவைத்திருந்தேனே: இடிசி-க்குள் மாட்ப்ரோப்.டி ஃபோல்டரில், ஆப்ஷன்ஸ், ஆர்டிஎல்8723பிஇ, ஆன்ட்_செல்=2. ஒரே வரி. எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்துவிட்டேன்.

பழையபெட்டி:
வரி சரி. ஃபைலுக்கு என்ன பேரு வச்சீங்க?

சுண்டெலி:
வைஃபை.டிஎக்ஸ்டி

பழையபெட்டி:
😀 அந்த ஃபோல்டர்ல .கான்ஃப்னு முடியுற ஃபைலை மட்டும்தான் மாட்ப்ரோப் படிக்கும். பேரை மாத்துங்க, ரீபூட் பண்ணுங்க. ஏறிச்சான்னு சந்தேகமே வேண்டாம்: சிஸ் ஃபோல்டர்ல மாட்யூல், அதுக்குள்ள ஆர்டிஎல்8723பிஇ, அதுக்குள்ள பாராமீட்டர்ஸ், அதுல ஆன்ட்_செல்னு ஒரு ஃபைல் இருக்கும். கேட் கட்டளை போட்டு அதைப் படிச்சா 2 வரணும்.

சுண்டெலி:
2 வந்தது. -53 இருக்கிறது. மூன்று தடவை ரீபூட் செய்து பார்த்துவிட்டேன். தலைப்பில் "தீர்ந்தது" சேர்த்துவிட்டேன்.

ஆர்வம் தாங்காமல் பின்மூடியையும் கழற்றினேன். நகத்தளவு கார்டு, மேலே பொன்னிறத்தில் இரண்டு குட்டி வளையங்கள். ஒன்றில் கருப்பு வயர் கவ்வியிருக்கிறது. இன்னொன்று வெறும் வாய். திரை மடியும் இடம்வரை தேடினேன், இரண்டாவது வயர் என்று ஒன்று அங்கே கிடையவே கிடையாது. இந்த வயரைப் பிடுங்கி மற்ற வாயில் மாட்டினால் அமைப்பே தேவைப்படாதா?

பழையபெட்டி:
தேவைப்படாது. ஆனாலும் செய்யாதீங்க. அந்தச் சொருகியைச் சும்மா சும்மா கழட்டி மாட்ட முடியாது, 30 தடவைக்குத்தான் உத்தரவாதம். ஒரு தடவை கோணலா அமுக்குனாலே நடுமுள் வளைஞ்சுடும். ஒரு வரியில முடிஞ்ச வேலைக்கு எதுக்கு ஸ்க்ரூடிரைவர்? மூடியை மூடுங்க.

இன்னொண்ணு, இந்தக் கார்டு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான். ரவுட்டர்ல 5 கிகாஹெர்ட்ஸ் தனிப் பேர்ல இருந்தா அது பட்டியல்ல வராது. அதுக்கு ஒரு இழை திறந்துடாதீங்க.

அரைவேக்காடு:
அண்ணே எனக்கும் இதே மாதிரி ஒத்தக் கோடுதான். ஆன்ட்_செல்=2 போட்டேன், ஒண்ணும் மாறல. என் கார்டுல 10இசி:டி723ன்னு காட்டுது.

பழையபெட்டி:
பி இல்ல, டி. அது 8723டிஇ, வேற சிப். டிரைவரும் வேற, ஆர்டிடபிள்யூ88 குடும்பம். இந்த அமைப்பு அங்க எடுபடாது. எல்எஸ்பிசிஐ, டிமெசேஜ் ரெண்டு வெளியீட்டோட தனியா ஒரு கேள்வி போடுங்க, பார்ப்போம்.