ஆச்சிக்கு வாங்கிய கைப்பாடி: ஒரு சொல் முன்மொழிவு

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

கையில் வைத்துப் பாட்டுக் கேட்கிற கருவியைத் தமிழில் என்ன சொல்வது என்று இரண்டு வாரமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். ‘எம்.பி.3 இயக்கி’, ‘இசைப்பான்’, ‘பாட்டுப்பெட்டி’, ‘இசைப்பேழை’ என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. நான் இதுவரை எதுவும் எழுதவில்லை. போன வாரம் அந்தக் கருவியையே கடைக்குப் போய் வாங்க வேண்டி வந்தது. எண்பது வயது முடிகிற என் ஆச்சிக்குப் பரிசாக. வாங்கிக் கொடுத்த இடத்தில் எனக்கு ஒரு சொல்லும் கிடைத்தது. கொஞ்சம் நீளமான மடல்தான், பொறுத்துப் படியுங்கள்.

ஆச்சி இருப்பது அம்பாசமுத்திரம் பக்கம். ஊர்க் கோயில் திருவிழாவான கொடை ஒன்றைக்கூட விடாதவள். முட்டுவலி வந்த பிறகு ராத்திரி முழுக்கத் தரையில் உட்கார்ந்து வில்லுப்பாட்டுக் கேட்க முடியவில்லை. கடந்த கொடையில் சித்தப்பா மகன் பாட்டு முழுவதையும் போனில் பதிவு செய்து வைத்திருந்தான். அதை ஆச்சி நினைத்த நேரத்தில் கேட்க வேண்டும், அவ்வளவுதான் தேவை. போனிலேயே போட்டுக் கொடுக்கலாமே என்பீர்கள். கொடுத்துப் பார்த்தோம். அறுபது வருடம் நாற்று நட்டுக் களை பறித்துக் காய்த்துப்போன விரல் அது. தொடுதிரை அந்த விரலை ஏற்கவே இல்லை. மூன்று தடவை அழுத்துவாள், அப்புறம் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவாள். அழுத்தினால் ‘டக்’ என்று உள்ளே போகிற பொத்தான்தான் அவளுக்குச் சரி.

திருநெல்வேலி சந்திப்புப் பக்கம் ஒரு கடையில், “கையில வச்சுப் பாட்டு கேக்குற மாதிரி ஒண்ணு வேணும்” என்றேன். கடைத் தம்பி, “எம்பித்ரீயா அண்ணாச்சி?” என்று கேட்டுத் தீப்பெட்டி அளவில் ஒன்றை எடுத்து வைத்தான். அழகாக இருக்கிறதே என்று யோசிக்காமல் வாங்கிவிட்டேன். வீட்டில் வந்து பார்த்தால் எறும்பு ஊர்வது போல ஆங்கில எழுத்து. இயர்போன் இல்லாமல் சத்தம் வராது. ஆச்சி அதைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு உடனே எடுத்துவிட்டாள். “காத அடச்சுக்கிட்டா வாசல்ல யாரு வந்தா தெரியாதேய்யா” என்றாள். நியாயமான பேச்சு. மறுநாள் கடையில் பணம் திரும்பத் தர முடியாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். நானூறு ரூபாய் மேலே போட்டு உள்ளங்கையில் அடங்குகிற வேறொன்றை எடுத்தேன். அதிலேயே ஸ்பீக்கர் இருக்கிறது. நான்கு பெரிய பொத்தான், மெமரி கார்டு போட ஓர் இடுக்கு, பழைய நோக்கியா போனில் போடும் அதே பேட்டரி. பெரியவர்களுக்குப் பரிசு வாங்குகிறவர்கள் இந்த வகையைப் பாருங்கள். 5000 பாட்டுகளை உள்ளேயே பதித்து 2017-இல் வந்த கார்வான் பெட்டியும் நல்ல பரிசுதான், ஆனால் எங்கள் ஊர்க் கொடைப் பாட்டு அதில் இருக்காது இல்லையா.

பெட்டியைத் தாளில் சுற்றி மேலே எழுத உட்கார்ந்தேன். ‘ஆச்சிக்கு அன்புடன் ஒரு...’ என்பதோடு பேனா நின்றுவிட்டது. இந்தக் குழுவில் பத்து வருடமாகச் சொல் தேடுகிறவன் கையில் ஒரு சொல் இல்லை. அது எனக்கு உறுத்தியது.

இனி வந்த சொற்களைப் பார்ப்போம். ‘எம்.பி.3 இயக்கி’ என்று சொன்ன நண்பருக்கு இரண்டு தடை சொல்கிறேன். முதலாவது ‘இயக்கி’. கணினித் துறையில் வன்பொருளை ஓட்டுகிற மென்பொருளுக்கு அந்தச் சொல்லை ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். எங்கள் பக்கத்திலோ அது அதைவிடப் பழைய பெயர். ஊர் ஊருக்குக் கோயில் கொண்டிருக்கிற இசக்கியம்மன்தான் இயக்கி. வில்லுப்பாட்டில் அவள் கதையே பாடுவார்கள். ‘இசை இயக்கி வாங்கியிருக்கேன்’ என்று ஆச்சியிடம் சொன்னால் கன்னத்தில் போட்டுக்கொள்வாள்.

இரண்டாவது தடை இன்னும் பெரியது. ‘எம்.பி.3’ என்பது கோப்பின் வடிவம். அந்தப் பெயர் கோப்புகளுக்கு வாலாக ஒட்டியதே 1995 ஜூலையில்தான். பாட்டு எதில் ஏறி வருகிறதோ அதைப் பிடித்துப் பெயர் வைத்தபோதெல்லாம் நாம் தோற்றிருக்கிறோம். 1963-இல் பிலிப்ஸ் கொண்டுவந்த கேசட்டுக்கு ஒலிநாடா, ஒலிப்பேழை என்றோம். வட்டு வந்ததும் நாம் குறுந்தகடு என்றோம், ஈழத்தில் இறுவட்டு என்றார்கள். ‘இறுவட்டு’ எனக்கு இன்றும் பிடித்த சொல். ஆனால் வட்டோடு சேர்ந்து அதுவும் புழக்கத்திலிருந்து போய்க்கொண்டிருக்கிறது. ‘இசைப்பேழை’க்கும் நாளை இதே கதிதான், பேழை என்றதும் கேசட்தான் நினைவுக்கு வருகிறது.

கருவியின் வேலை மட்டும் மாறவே இல்லை. 1979 ஜூலை 1-ஆம் தேதி ஜப்பானில் சோனி வாக்மேன் விற்பனைக்கு வந்தபோது உள்ளே கேசட். 1998-இல் கொரியாவின் சேஹான் நிறுவனம் கொண்டுவந்த எம்பிமேனில் நாடாவும் இல்லை, வட்டும் இல்லை, 32 மெகாபைட் நினைவகம்தான். 2001 அக்டோபரில் ஐபாட் 5 கிகாபைட் வன்வட்டில் ஆயிரம் பாட்டு என்று வந்தது, 2022 மே மாதம் ஐபாட் வரிசையையே நிறுத்திவிட்டார்கள். சாதாரணத் தரத்தில் ஒரு நிமிடப் பாட்டுக்கு ஏறக்குறைய ஒரு மெகாபைட் பிடிக்கும். அப்படியானால் அந்த 1998-ஆம் வருடக் கருவியில் அரை மணி நேரம்தான் பாட்டு. வில்லுப்பாட்டில் தொடக்கக் கடவுள் வாழ்த்தான காப்பைப் பாடி முடிக்கவே சரியாக இருக்கும். ஆச்சியின் கார்டு 32 கிகாபைட். ஐந்நூறு மணி நேரத்துக்கு மேல் பாடும். உள்ளே இத்தனை மாறியும் வெளியே நடப்பது ஒன்றுதான்: கையில் இருக்கிறது, பாடுகிறது. பெயரை அங்கிருந்து எடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

‘இசைப்பான்’ இந்த விஷயத்தில் சரியான இடத்தில் கை வைக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ‘தம்பி நாளை இசைப்பான்’ என்கிற வினைமுற்றும் அதுவே. அதோடு, நம் வீடுகளில் எந்தப் பொருளாவது ‘இசைக்கிறதா’? ‘பக்கத்து வீட்டுல ரேடியோ பாடுது’, ‘டேப்பு பாடிக்கிட்டே கெடக்கு’ என்றுதானே சொல்லி வளர்ந்தோம்? நெல்லையப்பர் கோயிலில் தட்டினால் ஒலிக்கும் கல்தூணைக்கூட ‘பாடுற தூண்’ என்று காட்டிக் கொடுக்கிறோம். தமிழில் பொருள்கள் பாடும். இதை ஊகமாகச் சொல்லவில்லை, கண்ணெதிரே நடந்தது.

சித்தப்பா மகன் பதிவு செய்ததில் நான் ஏற்றிக் கொடுத்தது முத்துப்பட்டன் கதை. காரையாறு சொரிமுத்து ஐயனார் கோயிலுக்குப் போயிருப்பவர்களுக்குப் முத்துப்பட்டனே பட்டவராயனாக நிற்கிற சன்னதி தெரிந்திருக்கும். ஆறு துண்டாக இருந்த கோப்புகளைக் கவனமில்லாமல் கார்டில் ஏற்றிவிட்டேன். இந்த வகைப் பெட்டிகளில் பல, கோப்பின் பெயரைப் பார்ப்பதில்லை, எந்த வரிசையில் ஏற்றினோமோ அந்த வரிசையில் பாடும். ஆச்சி திண்ணையில் சாய்ந்து பாக்குவெட்டியோடு கேட்டுக்கொண்டிருந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

“கல்யாணம் முடியதுக்கு முன்னாலயே பட்டன் செத்துட்டானா? என்னய்யா இது, மாத்திப் பாடுதே!”

மாடுகளை மீட்கப் போய் வெட்டுப்பட்ட பகுதி முதலில் வந்துவிட்டது. கார்டைக் காலியாக்கி 01, 02 என்று பெயர் மாற்றி, ஒவ்வொன்றாக வரிசைப்படி ஏற்றிக் கொடுத்தேன். மறுநாள் விடியற்காலை உள்ளேயிருந்து குரல்: “எய்யா, அந்தப் பாடுதத எடு.”

பாடுகிறதை என்பதுதான் எங்கள் பக்கம் ‘பாடுதத’. அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பேர் கேட்காமலே பேர் வைத்துவிட்டாள்.

அதை எழுத்துத் தமிழுக்குக் கொண்டுவந்தால் ‘பாடி’. பாக்கை வெட்டுவது பாக்குவெட்டி, மண்ணை வெட்டுவது மண்வெட்டி, வானத்தில் பாடுவது வானம்பாடி. வினையோடு ‘இ’ சேர்த்துக் கருவிக்கும் செய்வதற்கும் பெயர் வைப்பது நம் பழைய வழக்கம். கையில் வைத்துப் பேசுவதைக் கைப்பேசி என்று ஊரே எழுதுகிறது. அப்படியானால் கையில் இருந்து பாடுவது கைப்பாடி. ஒற்று மிகுமா என்று கேட்பவர்களுக்கு: கைப்பேசியில் எப்படியோ அப்படியே இங்கும்.

‘பாடி’ என்றால் உள்ளாடையும், ஆஸ்பத்திரியில் சொல்கிற பிணமும் நினைவுக்கு வருமே என்று ஒரு சகோதரி தனிமடலில் கேட்டிருந்தார். தனியாக நின்றால் வரும். வானம்பாடியிலோ வாணியம்பாடியிலோ நமக்கு அது தோன்றுவதில்லை. முன்னால் ‘கை’ ஒட்டியே இருக்கட்டும், சுருக்காமல் சொல்லுவோம்.

பாட்டுப்பெட்டியை நான் தள்ளவில்லை. மேசையில் வைக்கிற கார்வான் போன்றவற்றுக்கு அது அருமையான பெயர். ஆச்சியின் சுருக்குப்பையில் வெற்றிலையோடு கிடக்கிற பொருளைப் பெட்டி என்று சொல்ல மனம் வரவில்லை. (பழைய சொல் ஒன்றும் ஆசை காட்டியது. சங்க காலக் கூத்தர் தங்கள் இசைக்கருவிகளைப் போட்டுத் தோளில் சுமந்த பைக்குக் கலப்பை என்று பெயர், கலம் இருக்கிற பை. எத்தனை அழகு! ஆனால் இன்று கலப்பை வயலில் இருக்கிறது, அங்கேயே உழட்டும்.)

கூடவே ஒன்று. பாட்டுகளை வரிசை மாற்றிப் பாடவைக்கிற ‘ஷஃபிள்’ பொத்தானுக்கு ‘சீரற்ற இயக்கம்’ என்று யாரோ எழுதியிருந்தீர்கள். சீட்டாடுகிறவர்களிடம் இதற்குச் சொல் தயாராக இருக்கிறது: கலைத்துப் போடுவது. ‘கலைத்துப் பாடு’ என்று வைத்துக்கொள்ளலாம். கதைப் பாட்டு கேட்பவர்கள் தொடக்கூடாத பொத்தான் என்பதும் பெயரிலேயே விளங்கிவிடும்.

ஆகவே என் முன்மொழிவு: கையடக்கக் கருவிக்குக் கைப்பாடி, மேசையில் வைப்பதற்குப் பாட்டுப்பெட்டி. மறுப்பு எழுதுமுன் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டில் வயதான ஒருவரிடம் இந்தச் சொல்லைச் சொல்லி, என்ன பொருள் என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை அவர்கள் சொன்ன பேச்சிலேயே எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கிறேன், அதன் பிறகு சொற்பட்டியலில் சேர்க்கலாம்.

பரிசின் மேல் கடைசியில் ‘ஆச்சிக்கு ஒரு கைப்பாடி’ என்றுதான் எழுதினேன். அந்தத் தாளை மடித்துச் சுருக்குப்பைக்குள் வைத்திருக்கிறாள்.